மூன்று நாள் ஊழியத்துக்கு மலையேறி வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி தங்கைகளுக்கு,

கோத்தகிரியிலிருந்து ஸ்தோத்திரம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வந்துவிடுவீர்கள். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்து, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டி, வளைவுக்கு வளைவு ஒருவர் வாந்தி எடுக்க மற்றவர்கள் பாட்டுப் பாட, எப்படியோ வந்து சேருவீர்கள். வேன் முன்கண்ணாடியில் ஊழியத்தின் பெயர் இருக்கும். மேலே ஒலிபெருக்கி. பின்சீட்டில் அரிசிப் பைகள், கம்பளிக் கட்டு, கைப்பிரதி அட்டைப்பெட்டி. மூன்றாம் நாள் சாயங்காலம் அதே வேன் காலியாக இறங்கிப் போகும். முப்பது வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன மே மாதம் நடந்ததுதான் காரணம். அதற்கு வருகிறேன்.

முதலில் ஒன்று. வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாரோ ஒருவர் புறப்பட்டு வந்ததால்தான் நான் இந்த மடலை 'ஸ்தோத்திரம்' என்று தொடங்குகிறேன். 1964இல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. கப்பல், மண்டபம் முகாம், பிறகு ரயில், பிறகு பஸ். டான்டீ என்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வந்து விழுந்தபோது எனக்கு எட்டு வயது. இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். அங்கே இந்தியாக்காரர்கள் என்றிருந்தார்கள். அப்பா லயத்துக் கோடியில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்று கும்பிட்டுவந்தார். அந்த லைனுக்கு ஓர் உபதேசியார் வந்தார். குடை ஒன்று, சைக்கிள் ட்யூப் சுற்றிய பை ஒன்று. வந்தவர் போகவில்லை. ரேஷன் கார்டுக்கு மனு எழுதிக் கொடுத்தார். குடியுரிமைக் காகிதம் யாருக்கு வரவில்லையோ அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊட்டி கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ராத்திரி சிம்னி விளக்கில் எங்களுக்கு 'அ' போடச் சொல்லிக் கொடுத்தார். ஆறாவது வருஷம் அம்மா ஞானஸ்நானம் எடுத்தாள். அப்பா கடைசி வரைக்கும் எடுக்கவில்லை. ஆனால் உபதேசியார் இறந்தபோது பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் அப்பா ஒருவர்.

இப்போது போன மே மாதம்.

குஞ்சப்பனைக்குக் கீழே ஓர் இருளர் ஊர். பெயர் வேண்டாம். நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். அந்த ஊரில் ஒரு பாட்டிக்குச் சர்க்கரைப் புண். சனிக்கிழமை தோறும் கட்டு மாற்றப் போவேன். அன்றைக்குப் போனபோது ஒரு குழு எனக்கு முன்னால் இறங்கியிருந்தது. நல்ல பிள்ளைகள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒலிபெருக்கியை இரண்டு பேர் மூங்கிலில் கட்டிச் சுமந்து வந்திருந்தார்கள். பகல் பதினொரு மணி. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள். ஊரில் இருந்தது கிழங்கட்டைகளும் பிள்ளைகளும் நாய்களும். பாட்டு முடிந்து, பிரசங்கம் முடிந்து, கம்பளி கொடுத்து முடிந்தது. அப்புறம் ஒரு தம்பி மைக்கில், "கண்களை மூடி, யாரெல்லாம் ஏற்றுக்கொள்கிறீர்களோ, வலது கையை உயர்த்துங்கள்" என்றார். கைகள் உயர்ந்தன. போட்டோ எடுத்தார்கள். சாயங்காலம் என் போனுக்கே அது சுற்றி வந்தது: பதினேழு ஆத்துமாக்கள், கர்த்தருக்கே மகிமை.

அடுத்த சனிக்கிழமை கட்டைப் பிரித்துக்கொண்டே பாட்டியிடம் கேட்டேன். "நீயும் கை தூக்கினியே, எதுக்கு?"

"கம்புளி கெடைக்காதவங்க கை தூக்குங்கன்னு சொன்னாங்கல்ல?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. அதே வாரம் ஒரு ஜீப் வந்து, இங்கே யார் மதம் மாற்றுகிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்துவிட்டுப் போயிருந்தது. அந்த ஊரில் ஒரே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் உண்டு. பன்னிரண்டு வருஷமாக யாருக்கும் தொல்லையில்லாமல் இருந்தவர்கள். அந்த வீட்டு ஆள்தான் ஊர்த் திருவிழாவுக்கு மேளம் அடிப்பார். அடிக்கலாமா கூடாதா என்று அவரே சபையில் நாலு பேரிடம் கேட்டுக் குழம்பி, கடைசியில் என் ஊர், என் ஜனம் என்று அடித்துவந்தவர். இந்த வருஷம் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் அப்போது திருநெல்வேலியிலோ தாம்பரத்திலோ வீட்டில் இருந்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதைச் சொல்ல நான் யோக்கியமானவளா என்றால், முழுக்க இல்லை. நானும் இதைச் செய்திருக்கிறேன், உங்களைவிட மோசமாக.

வேலையில் சேர்ந்த புதிது. ஆத்தும பாரம் என்று சொல்வோமே, அது பொங்கிக்கொண்டிருந்த வயது. தடுப்பூசிப் பெட்டியின் மேல் மூடிக்கும் பனிக்கட்டிப் பைக்கும் நடுவில் கைப்பிரதிகளைச் செருகிக்கொண்டு போவேன். ஒரு குறும்பர் ஊரில் முத்தடுப்பு ஊசி போட்டுவிட்டு, ஆளுக்கொன்று கையில் கொடுத்தேன். காகிதம் ஈரத்தில் நமுத்துப் போயிருந்தது. ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அதை வாங்கவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு கேட்டாள்:

"இதை வாங்கலன்னா ஊசி போடமாட்டியா?"

அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவள் நம்பினாளோ என்னவோ. அடுத்த மாதம் ஒன்பது பிள்ளைகள் வரவேண்டிய இடத்தில் மூன்றுதான் வந்தது. அதைச் சரிக்கட்ட எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. துறைக்குத் தெரிந்திருந்தால் என் சீட்டுக் கிழிந்திருக்கும், கிழிந்திருந்தாலும் நியாயம்தான். அரசாங்கச் சம்பளத்தில், அரசாங்க மருந்தோடு, பயந்துபோன தாயிடம் அதை நீட்டியிருக்கக் கூடாது. கைப்பிரதியில் எழுதியிருந்தது சத்தியம்தான் என்று இன்றும் நம்புகிறேன். அது வந்த பெட்டிதான் தப்பு.

அதே பெண்ணைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இருபது வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் இறந்தார். எட்டாம் நாள், எல்லோரும் போய் வீடு வெறிச்சென்று இருந்தபோது, அவள் தேன் பாட்டிலோடு வந்தாள். மூன்று மைல் ஏற்றம். வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "உங்க சாமி அப்ப எங்க போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. லாசரு செத்தபோது மார்த்தாளும் மரியாளும் இதையேதான் கேட்டார்கள் என்று சொன்னேன். நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்கமாட்டானே என்று இரண்டு பேரும் தனித்தனியாக வந்து கேட்டார்கள்.

"அப்பறம்?"

"இயேசு அழுதார்."

"சாமி அழுவுமா?" அவள் அதையே இரண்டு தரம் கேட்டாள். அப்புறம் கதை முழுவதையும் கேட்டாள். இருட்டும்வரை இருந்தாள். அவள் ஞானஸ்நானம் எடுத்தாளா என்று கேட்பீர்கள். எடுக்கவில்லை. இன்றைக்கும் அவள் கும்பிடுவது அவள் முன்னோர் கும்பிட்ட சாமியைத்தான். உங்கள் அறிக்கையில் அவளுக்கு இடமில்லை. ஆனால் என் வாழ்நாளில் நான் சுவிசேஷம் சொன்னது என்று ஒன்று இருக்குமானால், அது அன்றைக்குச் சொன்னதுதான். பேதுரு எழுதியதைப் பாருங்கள்: உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். கேட்கிறவர்களுக்கு! அவள் கேட்பதற்கு இருபது வருஷம் ஆனது. அதுவரை நான் பக்கத்தில் இருக்கவேண்டியிருந்தது.

இந்த மலைக்கு முதன்முதலாக வந்த ஊழியக்காரர்களில் ஒருவர் கதை உங்களுக்குத் தெரியுமா? 1603இல் பெனிசியோ என்ற இத்தாலிய இயேசு சபைக் குருவானவர் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்தார். மலையின் மேலே ஒரு காலத்துக் கிறிஸ்தவர்கள் மறந்துபோய்க் கிடக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. அதைத் தேடித்தான் வந்தார். இருந்தவர்கள் தோடரும் படகரும். பேசிப் பார்த்தார். பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூல்கண்டும் கொடுத்தார். அவர்களுக்கு ரொம்பச் சந்தோஷம் என்று எழுதியும் வைத்தார். இறங்கிப் போய்விட்டார். நானூறு வருஷத்துக்கு முந்தைய அன்பளிப்புப் பை அது. உங்கள் வேன் ஏறி வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வரும்.

அவருக்குப் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. 1846இல் பாசல் மிஷன் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் தொடங்கியது. கசமேஜர் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி அங்கே குடியிருந்தார். அவர் தயவில் தொடங்கி, அவர் விட்டுப்போன சொத்தில் வளர்ந்தது. மெட்ஸ் என்ற ஜெர்மானியர் படகர் ஹட்டிகளிலும் கோத்தர் ஊர்களிலும் தோடர் மந்துகளிலும் முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தார். மிஷன் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1858இல்தான் முதல் படகர் ஞானஸ்நானம். லூக்கா சுவிசேஷம் படகர் மொழியில் அச்சேறியது 1890இல். ஊட்டியில் தோடர்கள் நடுவில் கேத்தரின் லிங் என்ற அம்மையார் 1880களிலிருந்து வேலை செய்தார். மாற்கு சுவிசேஷம் தோடர் மொழியில், தமிழ் எழுத்தில், 1897இல் வந்தது. முதல் தோடர் கிறிஸ்தவர்கள் 1904இல். இந்த வருஷக் கணக்கைக் கொஞ்சம் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்திலும் சீமைக்கு அறிக்கை அனுப்பத்தான் வேண்டியிருந்தது. பத்து வருஷமாக 'ஒருவரும் இல்லை' என்று எழுதி அனுப்புகிறவனுடைய மனசு எப்படி இருந்திருக்கும்!

அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்லவரவில்லை. வெள்ளைக்காரத் துரைத்தனத்தின் நிழலில்தான் வந்தார்கள். ஊட்டியில் நீங்கள் கட்டாயம் போட்டோ எடுக்கும் புனித ஸ்தேவான் ஆலயம் இருக்கிறதே, 1829இல் அடிக்கல் நாட்டியது, அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. அண்ணாந்து பார்த்துவிட்டு ஜெபியுங்கள். நம்மைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர்களுக்கும் ஒரு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் மெட்ஸும் லிங் அம்மையாரும் செய்த ஒன்றை நாம் செய்வதில்லை. பாஷை கற்றார்கள். நீங்கள் பேசுவது மேடைத் தமிழ். 'இரட்சிப்பு', 'நீதிமானாக்கப்படுதல்', 'அபிஷேகம்' என்றெல்லாம் இருளர் பாட்டியிடம் சொன்னால், அவள் கம்பளி என்றுதான் புரிந்துகொள்வாள்.

வெள்ளைக்காரர் உதாரணம் வேண்டாம் என்றால் உங்கள் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தாங்களே காணிக்கை போட்டு, தாங்களே ஆள் அனுப்ப இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளை அசரியா. தமிழர்கள் தெலுங்கு படித்து, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் போனார்கள். 1909இல் அசரியாவே மிஷனரியாக அங்கே போய்விட்டார். 1912இல் பேராயர் ஆனதும் அந்த ஊருக்குத்தான். 1945இல் இறந்ததும் அங்கேதான். மூன்று நாளில் திரும்பி வந்திருந்தால் அவர் பெயர் எனக்கும் தெரிந்திருக்காது, உங்களுக்கும் தெரிந்திருக்காது.

நீங்கள் மத்தேயு 28ஐச் சொல்வீர்கள். புறப்பட்டுப் போங்கள் என்ற கட்டளை. வேன் கண்ணாடியிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. எனக்கும் அது கட்டளைதான், ஆலோசனை இல்லை. ஆனால் எப்படிப் போவது என்று ஆண்டவர் விவரமாகச் சொன்ன இடம் லூக்கா பத்தாம் அதிகாரம். பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம். ஒரு வீட்டில் தங்குங்கள், அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள். அதே வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது, நாம் யாரும் பிரசங்கிக்காத ஒன்று: வீட்டுக்கு வீடு போகாதேயுங்கள். நாம் என்னவென்றால் ஒரு நாளில் நூறு வீடு என்று இலக்கு வைத்துக்கொள்கிறோம்! கையில் கொடுக்க எதையும் எடுத்துப் போகாதவன் வாங்கிச் சாப்பிடத்தான் வேண்டும். சோற்றுக்கு அவர்களை நம்பியிருக்கிறவனைப் பார்த்து யாரும் ஆசை காட்டி மாற்ற வந்தான் என்று சொல்ல முடியாது. நீங்கள் பொட்டலச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்து, வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். பாட்டி வீட்டில் அன்றைக்கு ராகிக் களியும் கீரையும் இருந்தது. உங்களைக் கூப்பிட நினைத்தாளாம், கூச்சப்பட்டு விட்டுவிட்டாள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. அரசியல் சாசனம் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பவும் உரிமை கொடுக்கிறது; பொது அமைதிக்கு உட்பட்டு. பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மாற்றுவது உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002இல் நம் மாநிலத்திலேயே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த இரண்டு வருஷமும் இந்த மலையில் ஜெபக்கூட்டம் நடத்தினவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நாங்கள் பார்த்தோம். ஆசை காட்டுதல் என்ற வார்த்தை அந்தச் சட்டத்தில் இருந்தது. கம்பளியைக் கொடுத்த கையோடு 'கை தூக்குங்கள்' என்று சொன்னால், அந்த வார்த்தைக்கு நீங்களே படம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிறது. கம்பளி கொடுங்கள், குளிர் நிஜம். ஆனால் கொடுக்கிற அன்றைக்குப் பிரசங்கம் வேண்டாம். பிரசங்கிக்கிற அன்றைக்கு வெறுங்கையோடு வாருங்கள்.

உங்களை மட்டும் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது. நீங்கள் ஏன் ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வருகிறீர்கள்? பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நாங்கள் போகாததால். எங்கள் சேகரத்தில் இந்த ஐந்து வருஷத்தில் கோபுரத்துக்குப் பெயின்ட், பலிபீடத்துக்கு கிரானைட், வாசலுக்கு வளைவு, எல்லாம் ஆகிவிட்டது. மலைக்கிராமத்துக்கு ஓர் உபதேசியார் வேண்டும் என்று கமிட்டியில் மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன். "சம்பளம் யார் கொடுப்பது?", "பிரச்சினை வந்தால் யார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது?" என்று இரண்டு கேள்வி. மூன்றாம் தரம் கேள்விகூட இல்லை. அசன விருந்துக்கு ஆட்டுக்கறியா கோழிக்கறியா என்று போய்விட்டார்கள். (கோழிதான் ஜெயித்தது.) ஆக, போகாமல் இருப்பவர்களைவிட நீங்கள் மேல். இதை மனசாரச் சொல்கிறேன்.

அதனால் ஒரு விண்ணப்பம். வருகிற மே மாதம் இருபது பேர் வரவேண்டாம். வேன் வாடகை, டீசல், பேனர், ஒலிபெருக்கி, இருபது பேர் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தப் பணத்தை வருஷா வருஷம் சேர்த்தால் ஒருவருக்குச் சம்பளம் ஆகும். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகப் பிரசங்கிக்கிறவர் வேண்டியதில்லை. நன்றாகக் கேட்கிறவராக இருக்கட்டும். மூன்று வருஷத்துக்கு அனுப்புங்கள். முதல் வருஷம் முழுக்க பாஷை மட்டும் படிக்கட்டும். ஊர்க்காரர் அழைக்கிற நாளில் போகட்டும், போகச் சொன்னால் திரும்பட்டும். பிள்ளைகளுக்கு ராத்திரியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சாதிச் சான்றிதழுக்கும் வன உரிமைப் பட்டாவுக்கும் மனு எழுதிக் கொடுக்கட்டும். கொடுத்துவிட்டு, அதற்குக் கூலியாக யாரும் கை தூக்கவேண்டும் என்று எதிர்பார்க்காமல் இருக்கட்டும். மேளக்காரர் வீட்டில் முதலில் போய் மன்னிப்புக் கேட்கட்டும், உங்கள் சார்பில். என் சார்பிலும்தான், போன மே மாதம் நான் பக்கத்திலேயே நின்றும் எதுவும் சொல்லவில்லை.

அறிக்கை கேட்காதீர்கள். கேட்டே ஆகவேண்டும் என்றால், எத்தனை வீட்டில் சாப்பிட்டார் என்று கேளுங்கள்.

என் வீட்டில் பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது. வீட்டுக்காரர் இருந்தபோது விறகு போட்டிருந்தோம். இப்போது காலி. சுத்தம் செய்து வைக்கிறேன். வாடகை வேண்டாம், கரண்ட் பில் மட்டும். வருகிறவர் ஸ்வெட்டர் கொண்டுவர வேண்டாம், இங்கே மலிவாகக் கிடைக்கும். நல்ல ரப்பர் செருப்பும் நீள டார்ச்சும் கொண்டுவரட்டும். மழை பிடித்துவிட்டால் கீழ்ப்பாதையில் அட்டை ஏறும். ஒரு துணியில் உப்பு முடிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் கரடி நடமாட்டம் உண்டு, தனியாக இறங்கக் கூடாது. சனிக்கிழமை என்றால் என்னோடு வரலாம். பாட்டிக்குக் கட்டு மாற்ற ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும்.

உங்கள் அக்கா,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி